அம்மாவாசைக்கு ஒரு வெள்ளைக் கட்டம்

1

அம்மாவாசையைப் பிரான்சுக்கு அனுப்பி வைத்தவன் நான்தான். விசா இல்லை, விமானச் சீட்டு இல்லை, பெட்டிகூட இல்லை. அவனை அனுப்பிய நேரத்தில் என் வாயில் பாதி மென்ற கேசரி இருந்தது. விழுங்கிவிட்டுப் பேசியிருந்தால் யோசித்திருப்பேன். இந்தக் கதையும் இருந்திருக்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் அரிகிருஷ்ணன், வயது எழுபத்தாறு, வீடு நெல்லித்தோப்பு. பிழைப்பு, சொல்தாக்களுக்கு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்சன் வாங்கும் நம்மூர்க்காரர்களுக்கு, பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பது. இன்னார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் பிரான்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி நாற்பது வருஷத்தில் இருநூறு பேரை உயிரோடு வைத்திருந்தேன். அதில் சிலர் உண்மையிலேயே உயிரோடு இருந்தார்கள்.

ஆகவே, உயிரோடு இருக்கிற ஒருவனைக் கடல் தாண்டி அனுப்புவது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

2

எங்கே தொடங்குவது என்பதில்தான் தகராறு.

முதல் முயற்சி: "2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேற்படி கார்குழலி என்பவர் தமது மகனுடன்..." (அடித்துவிட்டேன். மனு எழுதிய கை. அடுத்த வரியில் கோர்ட்டார் சமூகத்துக்கு வந்துவிடும்.)

இரண்டாம் முயற்சி: "மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருபத்து மூன்று ஜோடி..." (மூன்றாவது ஜோடியிலேயே எனக்குக் கொட்டாவி. உங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.)

மூன்றாம் முயற்சி: "கன்னியப்பனுக்கு இரண்டு பிள்ளைகள்."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

கன்னியப்பன் மில் தொழிலாளி, என் அடுத்த வீட்டுக்காரன். மூத்தவன் அமாவாசையன்று பிறந்ததால் அம்மாவாசை. பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள் கார்குழலி. நடுவில் கன்னியப்பன் கட்சியில் சேர்ந்துவிட்டதால் பெயரில் அவ்வளவு வித்தியாசம். அம்மாவாசை நடக்க மூன்று வயது, பேச ஆறு வயது. பள்ளிக்கூடம் அவனை மூன்று முறை சேர்த்து நான்கு முறை திருப்பி அனுப்பியது. (கணக்கு உதைக்கிறது, தெரியும். ஒரு தடவை அவனாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.) நீளமான முகம், விரிந்த காதுகள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி உதறுவான். தாய் செத்துப்போய், மில்லும் மூடியபின், வில்லியனூர் தாண்டிக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்தில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தான் கன்னியப்பன். வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர்.

1996இல் கார்குழலியைப் பெண் பார்க்க உழவர்கரையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை நெடுமாறன். லாஸ்பேட்டைக் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். அவன் தாய் மணியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மூத்தவன் ஒருத்தன் இருக்கறதா சொன்னாங்களே, எங்க காணோம்?" என்றாள்.

கன்னியப்பன் தரையைப் பார்த்தான். கார்குழலி கதவு மறைவில் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில்தான் கேசரி வாயோடு நான் சொன்னேன்:

"அவன் ஃப்ரான்ஸ்ல இருக்கான்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் அடுத்த கேள்வி வந்திருக்கும். நம்மூரில் தெருவுக்கு நாலு பேர் பிரான்சில் இருக்கிறார்கள். மணியம்மாள் தட்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

3

போனவனிடமிருந்து கடிதம் வர வேண்டுமல்லவா? எழுதினேன். தபால்தலைத் தொல்லை வேண்டாமென்று, ஊருக்கு வந்த சொல்தா யாரோ கையோடு கொண்டுவந்ததாகச் சொல்லி நானே கொடுப்பேன். அம்மாவாசைக்குப் பாரீஸில் பாதாள ரயில் ஓட்டும் வேலை போட்டுக் கொடுத்தேன். கல்யாணமும் கட்டி வைத்தேன். ஒரு பெண், ஒரு பையன். செல்ஃபோன் வந்த புதிதில் மணியம்மாள், "ஒரு தடவ பேசச் சொல்லுங்களேன்" என்றதும், ஈவிரக்கமில்லாமல் அவன் தொண்டையில் ஆபரேஷன் செய்துவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் மணியம்மாளுக்குப் பாரீஸ் சென்ட் வரும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் வாங்குவேன்.

(மகள் பியானோ வாசிக்கிறாள் என்று ஒரு கடிதத்தில் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். எழுதுகிறவனுக்குச் சில நாள் கை தானாக ஓடும்.)

கன்னியப்பன் மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். அதன்பின் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், கார்குழலியும் நானும். அவள் மாதம் ஒருமுறை வில்லியனூர்க் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். மருமகளின் பக்தியைப் பற்றி மணியம்மாள் தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

4

இனிமேல் கார்குழலி பக்கம் நின்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் அறைக்குள் நான் இல்லை. வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் அவள் சொல்லக் கேட்டது. பத்தில் ஒரு பங்கு என் கைச்சரக்கு. எது என்று கேட்காதீர்கள்.

அவள் மகன் இளஞ்செழியனுக்கு அப்போது ஆறு வயது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவான். 'போலாம்' என்பதை மட்டும் ஒரு நாளில் ஐந்நூறு தடவை. மின்விசிறியைப் பார்த்தால் கைகளை உதறுவான். பிறந்தபோது லேட்டாக அழுதான், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கார்குழலி மட்டும் சொல்லவில்லை. அந்தக் காதுகளை அவளுக்கு முன்பே தெரியும்.

சென்னையிலிருந்து டாக்டர் பூர்ணிமா என்று ஒருத்தி பதினைந்து நாளுக்கொருமுறை வந்து இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தாள். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்வார்கள், இலவசம். ஆனால் மாதத்துக்கு ஆறு பிள்ளைகள்தான். தாய்வழி ஆண்களில் யாருக்காவது இதேபோல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு முதலிடம்.

டாக்டர் தாளில் குடும்பப் படம் போட்டாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ளவர்களின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்புவார்கள்.

"உங்ககூடப் பொறந்தவங்க?"

கார்குழலி வாயைத் திறப்பதற்குள் நெடுமாறன் முந்திக்கொண்டான்.

"ஒரே மச்சான் மேடம். பாரீஸ்ல மெட்ரோ ஓட்டறாரு. ரெண்டு கொழந்தைங்க. பொண்ணு பியானோ வாசிக்குது."

டாக்டர் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டாள். அதற்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம், இன்னொரு வெள்ளைக் கட்டம். என் எழுத்து அதுவரை எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. முதன்முதலாக ஓர் ஆஸ்பத்திரிக் கோப்பில் வந்தது.

"அப்ப அவசரம் இல்ல. பேரை எழுதிக்கிறேன், ஏப்ரல் வாக்குல வரும்."

"மேடம்," என்றாள் கார்குழலி, "எனக்கு இப்ப ஒம்பது வாரம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வயிற்றில் இருப்பதற்கும் இது வருமா என்று பார்க்கலாம். ஆனால் முதலில் செழியனுக்கு என்ன என்று தெரிய வேண்டும். அந்த முடிவு வர ஐந்து வாரம். பதினாறு பதினேழு வாரத்துக்குள் சென்னைக்குப் போனால் கருவைச் சோதிக்கலாம், ரொம்பத் தள்ளினால் கஷ்டம். ஆனால் அவனுக்கு வரிசை ஏப்ரலில்தான்.

கார்குழலி அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் புருஷன் இருந்தான்.

5

மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரிப்பா, எங்கண்ணனுக்கு ஒடம்பு சரியில்லாமப் பண்ணுங்க."

"எந்த அண்ணனுக்கு?"

"பாரீஸ்ல இருக்கறவருக்குத்தான். நம்மூருல இருக்கறவருக்கு என்னா கேடு, நல்லாத்தான் கெடக்கறாரு."

அவள் கேட்டது இது: சின்ன வயதில் தானும் செழியன் மாதிரியே இருந்ததாகவும், அங்கே ரத்தம் பார்த்ததில் தாய்வழியாக வரும் குறை என்று தெரிந்ததாகவும் அம்மாவாசை எழுத வேண்டும்.

நான் மறுத்தேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. "எட்டு வருஷமா ரயில் ஓட்டறவன்மா. நாலு பக்கம் லெட்டர் எழுதறவன். திடீர்னு இப்படிச் சொன்னா வாசகன் நம்ப மாட்டான்."

"வாசகன் ஆரு? எங்க வூட்டுக்காரரு. பியானோவ நம்பினவரு இத நம்ப மாட்டாரா?"

"உள்ளதச் சொல்லிட்டா என்ன?"

"சொல்லிட்டு? ஏமாத்திக் கட்டி வச்சீங்கன்னு எங்க மாமியாரு என்னயும் இவனயும் வாசல்ல நிறுத்துனா, நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா? இல்ல எனக்கும் பாரீசுல ஒரு வேல போட்டுக் குடுப்பீங்களா?"

எழுதினேன். பாதாள ரயிலையும் பியானோவையும் விட்டுவிட்டு, என் கண்ணால் பார்த்த அம்மாவாசையை எழுதினேன். மாட்டத் தெரியாத சட்டைப் பொத்தான், பள்ளிக்கூட வாசல், கேலி செய்த தெரு. அந்தக் கடிதத்தில் விலாசத்தையும் ரத்தச் சோதனையையும் தவிர எல்லாம் உண்மை. எழுதி முடித்ததும் கை வலித்தது. பொய் எழுதும்போது அப்படி வலித்ததில்லை.

6

நெடுமாறன் கடிதத்தை நம்பினான். இங்கேதான் கதை என் கையைவிட்டுப் போனது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நம்பினான்.

"பாவம் மச்சான்," என்று கண்கலங்கினான். "எப்படி இருந்து எப்படி ஆயிருக்காரு பாரு." பிறகு செழியனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "நீயும் ஓட்டுவடா ரயிலு. மாமா ஓட்டல?" கடையில் ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தான். அதைத் தரையில் ஓட்டிக் காட்டினான். செழியன் சக்கரத்தை மட்டும் சுற்றிப் பார்த்துக் கைகளை உதறினான். "பாத்தியா, ஆச வந்துடுச்சு" என்றான் நெடுமாறன். கார்குழலி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதினோராவது வாரம். அதே அறை, அதே டாக்டர். கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டர் சொன்னாள்:

"ரொம்ப நல்லதாப் போச்சு. அங்கேயே டெஸ்ட் பண்ணியிருந்தா ரிப்போர்ட் இருக்கும். அனுப்பச் சொல்லுங்க. அதைப் பார்த்துட்டுப் பையனுக்கு எடுக்கலாம். இந்த மாசம் ஒரே ஒரு இடம் இருக்கு, அதை வேற கொழந்தைக்குக் குடுத்துடறேன்."

"ஒரு மாசத்துல வந்துடும் மேடம்," என்றான் நெடுமாறன். "மச்சான் இப்ப அங்க ரயிலே ஓட்டறாரு. எம் பையனும் அப்படி வந்துடுவான் இல்ல?"

டாக்டர் கடிதத்தை மறுபடி பார்த்தாள். நெடுமாறனைப் பார்த்தாள்.

(இந்த இடத்தில் வெளியே மரத்தடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், பிரெஞ்சு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டின் தலைப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் செய்திருப்பேன். முத்திரை வெட்டித் தருகிற ஆளும் தெரியும்.)

"எங்கண்ணன் ரயில் ஓட்டல," என்றாள் கார்குழலி.

"மெட்ரோதான மேடம் அது, ரயிலு மாதிரிதான்..." என்றான் நெடுமாறன்.

"ஒண்ணும் ஓட்டல. ஃப்ரான்ஸ்லயே இல்ல. வில்லியனூரு தாண்டி மதருங்க வச்சிருக்கற ஹோம்ல இருக்காரு. நாப்பது வயசு ஆவுது, பட்டன் போடத் தெரியாது. மொகத்தப் பாக்க மாட்டாரு. எம் புள்ள மாதிரியே கைய ஒதறுவாரு. நான் மாசா மாசம் கோயிலுக்குப் போவல. அவரத்தான் பாக்கப் போறேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அந்த ரயிலு பொம்மையத் தூக்கிப் போடுங்க. தாங்க முடியல."

செழியன், "போலாம்" என்றான்.

டாக்டர் பேனாவை எடுத்தாள். அம்மாவாசையின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள். அதற்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. கீழே இருந்த வட்டத்தையும் கட்டத்தையும் இரண்டே கோடுகளில் அடித்தாள். பியானோ வாசித்த பெண் அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள். ஏழு வயது.

"கையை நீட்டு கண்ணா," என்றாள் செழியனிடம்.

7

நெடுமாறன் வெளியே வந்தான். நேராக என் முன்னால் நின்றான்.

"பெரிப்பா, பாரீஸ்ல இப்ப மணி என்னா?"

பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். "ஏழே முக்கால்."

"மச்சான் டூட்டிக்குக் கெளம்பியிருப்பாரா?"

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன்.

"எட்டு வருஷம்," என்றான். "எங்க பிரின்சிபாலு எங்கிட்ட வந்து நிக்கறாரு, அவரு பையனுக்கு விசாவுக்கு மச்சான் கிட்டச் சொல்லுன்னு. நானும் சரி சார்னு பேப்பர வாங்கி வச்சிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பெரிப்பா நான் காலேஜுக்குப் போறது?" கையை ஓங்கினான் என்றே நினைத்தேன். ஆட்டோவைத்தான் கூப்பிட்டிருக்கிறான். "ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க. எம் மச்சானை நான் பாக்கணும்."

பாரீஸுக்கு ஆட்டோவில் அரை மணி நேரம். கார்குழலி செழியனின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள்.

அம்மாவாசை இல்லத்துத் தோட்டத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நரைத்த தலை, தப்பான பொத்தானில் மாட்டிய சட்டை, அதே காதுகள். செழியன் தண்ணீரைப் பார்த்ததும் ஓடினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் நின்றார்கள். அம்மாவாசை குழாய் முனையை விரலால் அழுத்தினான், தண்ணீர் விசிறியாய்ப் பிரிந்தது. செழியன் இரண்டு கைகளையும் உதறினான். அம்மாவாசை குழாயைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் உதறினான்.

நெடுமாறன் இவனைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

"இதுக்கு ரத்தம் வேற எடுத்தாங்களா?" என்றான்.

அம்மாவாசை தங்கை இருந்த திசைக்குக் காதைக் கொடுத்தபடி, "குழலி, வாயப்பயம்?" என்றான். அன்றைக்கு அவள் வாங்கி வரவில்லை.

"நீ ஆரு?" என்று மரத்தைப் பார்த்து நெடுமாறனைக் கேட்டான்.

"உம் மச்சான்."

"மச்சான், வாயப்பயம்?"

நெடுமாறன் வாசலுக்கு வெளியே போனான். திரும்பி வரமாட்டான் என்றுதான் நான் நினைத்தேன். கார்குழலியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிஷம் கழித்து ஒரு முழுத் தாரைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். வேர்த்துக் கொட்டியது. கண்ணும் வேர்த்திருந்தது என்று எழுதலாம். (எழுத மாட்டேன். மலிவு.)

கார்குழலியிடம் அவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "உப்பு இல்ல" என்றான். அவள் உப்பு வைத்தாள்.

மணியம்மாளிடம் மட்டும் அப்போதைக்குச் சொல்லவில்லை. கையிலிருக்கும் சென்ட் தீரட்டும் என்று பார்த்தான்.

8

ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. பெயர் ஃப்ராஜைல் எக்ஸ். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்: மரபணுவில் ஓரிடத்தில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று உண்டு. சாதாரணமாக முப்பது தடவைபோல் வரும். இருநூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மரபணு வேலையை நிறுத்திவிடுகிறது. எழுதுகிறவன் யாருக்கும் இது விளங்கும். ஒரே வார்த்தையை இருநூறு தடவை எழுதினால் எந்தப் பக்கம்தான் பேசும்? தாயிடம் இருந்தால் பல சமயம் வெளியே தெரியாது. மகனுக்குப் போனால் தெரியும். கார்குழலியிடமும் இருந்தது. வயிற்றில் இருப்பதற்குப் போயிருக்கவும் பாதி வாய்ப்பு, போகாதிருக்கவும் பாதி வாய்ப்பு. டாக்டர் சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்த வியாழக்கிழமைக்கு.

"தெரிஞ்சிக்கிட்டு என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாளாம். "அது உங்க ரெண்டு பேரு விஷயம். தெரிஞ்சிக்கணுமா வேணாமாங்கறதும்தான்."

இப்போது உங்களுக்கு ஒரு முடிவு தர வேண்டும். செய்து பார்த்தேன்.

முடிவு அ: சோதனையில் ஒன்றுமில்லை என்று வருகிறது, எல்லோருக்கும் ஜாங்கிரி. (அப்படியானால் செழியனும் அம்மாவாசையும் யார்? ஜாங்கிரி கிடைக்காதவர்களா?)

முடிவு ஆ: திண்டிவனத்தில் பஸ் நிற்கிறது. இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பி வரும் பஸ்ஸில் ஏறுகிறார்கள். (பரிசு கிடைக்கும். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இ: இருக்கிறது என்று வருகிறது. கார்குழலி நெடுமாறனிடம், "வேண்டாம்" என்கிறாள். எது வேண்டாம் என்று அவன் கேட்பதற்குள் அவள்... (மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கிழித்தேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நெடுமாறன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். கார்குழலி ஜன்னலோரம் இருந்தாள். மடியில் செழியன், பஸ்ஸின் உச்சியில் இருந்த சின்ன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"என்னம்மா முடிவு பண்ணியிருக்கீங்க?"

"பண்ணிட்டோம் பெரிப்பா. எது வந்தா என்னா செய்யறதுன்னு ரெண்டு பேருமாப் பேசிட்டோம்."

"என்னன்னு?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, பயமில்லாத சிரிப்பு.

"சொல்ல மாட்டேன். சொன்னா எழுதிடுவீங்க."

"சத்தியமா எழுத மாட்டேம்மா."

"அப்ப இன்னும் நல்லா எழுதுவீங்க. போயிட்டு வரேன் பெரிப்பா, வெயிலுல நிக்காதீங்க."

பஸ் கிளம்பியது. வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்து, "பஸ் திண்டிவனம் தாண்டும்போது கார்குழலி" என்று எழுதினேன். அடுத்த வார்த்தை நுனியில் வந்து நின்றது. நல்ல வார்த்தை. பேனாவை மூடிவிட்டேன்.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நெல்லித்தோப்பிலிருந்து உழவர்கரைக்கு நடந்தே போகலாம். தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமென்றால் நீங்களே போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவள் உங்களை உள்ளே கூப்பிடலாம், முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தவும் செய்யலாம். அது அவள் கதவு. நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.